பருப்புப் பொடி டப்பா இருக்கும் மேசை: முதியோர் குடியிருப்புக்குப் புதிதாக வருபவர்களுக்கு

கோவைக்கு மேற்கே, சிறுவாணிச் சாலையிலிருந்து சற்று உள்ளடங்கி இருக்கும் ஒரு முதியோர் குடியிருப்பில் இது எனக்கு ஐந்தாவது ஆண்டு. சென்னையில் தொலைபேசித் துறையில் முப்பத்து நான்கு ஆண்டு வேலை, மாம்பலத்தில் வீடு, பிள்ளைகள் இருவரும் அமெரிக்காவில். ஊரையும் துறையையும் மாற்றிப் போட்டால் இங்கிருக்கும் பாதிப் பேரின் கதை இதுதான். வீட்டை எப்படி வாங்குவது, பத்திரத்தில் எதைப் பார்ப்பது, பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு என்பதையெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். குடிவந்த பிறகு பொழுதை எப்படிக் கழிப்பது, யாரோடு உட்காருவது, எதைப் பேசாமல் இருப்பது என்பதை யாரும் சொல்வதில்லை. நான் தடுக்கி விழுந்து கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். (நிஜமாக விழவில்லை. இங்கே அந்தச் சொல்லை எடுத்தாலே நர்ஸ் ஓடி வந்துவிடுவார்.)

முதலில் வரும் முன்பே செய்ய வேண்டிய ஒன்று.

வாங்குவதற்கு முன் ஒரு வாரம் தங்குங்கள்

பெரும்பாலான குடியிருப்புகளில் விருந்தினர் அறை உண்டு. பணம் கட்டித் தங்கலாம். பொங்கல், நவராத்திரி போன்ற நாட்களில் போகாதீர்கள். அன்று எல்லா இடமும் கல்யாண வீடு மாதிரித்தான் இருக்கும். விசேஷம் எதுவும் இல்லாத செவ்வாய், புதன் பார்த்துப் போங்கள். மாலை நான்கு மணிக்கு கிளப் ஹவுஸில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். அறிவிப்புப் பலகையில் கடைசியாக ஒட்டிய தாளின் தேதியைப் பாருங்கள். சித்திரை மாதத்தில் போகும்போது தீபாவளி வாழ்த்து இன்னும் தொங்கிக்கொண்டிருந்தால் அங்கே சமூக வாழ்க்கை என்று விளம்பரத் தாளில் போட்டிருப்பது விளம்பரத் தாளோடு சரி.

இன்னொன்று. சக்கர நாற்காலியிலும் வாக்கரோடும் இருப்பவர்கள் உணவுக் கூடத்துக்கு வருகிறார்களா, அல்லது அவர்களுக்குச் சாப்பாடு கேரியரில் வீட்டுக்குப் போகிறதா என்று கவனியுங்கள். இன்று நீங்கள் கைவீசி நடக்கிறீர்கள். பத்து ஆண்டு கழித்து உங்களுக்கு அங்கே என்ன இடம் என்பதை அந்தக் காட்சி காட்டிவிடும்.

சாப்பாட்டைப் பற்றியும் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். கோவைப் பக்கத்தில் இத்தகைய இடங்கள் பலவற்றில் பொதுச் சமையலறை சைவம்தான். வீட்டுக்குள் சமைத்துக்கொள்ளத் தடை உண்டா இல்லையா என்பது இடத்துக்கு இடம் மாறும். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு இல்லாமல் இருக்க முடியாதவர், குடிவந்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் அக்கம்பக்கத்தோடு முதல் பேச்சே சண்டையாகிவிடும்.

முதல் வாரம்: எங்கே உட்காருவது

குடிவந்த அன்று மதியம் பன்னிரண்டே கால் மணிக்கு நானும் கணவரும் உணவுக் கூடத்துக்குப் போனோம். மூன்றாவது மேசை காலியாக இருந்தது. சன்னல் ஓரம், மின்விசிறிக்கு நேர் கீழே இல்லை, கண்ணுக்கு எதிரே வேப்பமரம். உட்கார்ந்தோம். மேசையின் நடுவில் உள்ளங்கை அகல எவர்சில்வர் டப்பா ஒன்று இருந்தது. திறந்து பார்த்தேன். பருப்புப் பொடி, பூண்டு வாசனையோடு. குடியிருப்பு வைத்திருக்கும் பொடி என்று நினைத்து இரண்டு கரண்டி போட்டுக்கொண்டேன். நெய் கேட்கலாம் என்று தலையை நிமிர்த்தினால், தட்டோடு ஓர் அம்மாள் நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. என் தட்டைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், அடுத்த மேசைக்குப் போய்விட்டார். கூடமே அமைதியானது போல எனக்குத் தோன்றியது. மூன்று ஆண்டுகளாக அது அவருடைய நாற்காலி. டப்பாதான் அவருடைய பெயர்ப் பலகை.

ஆகவே முதல் பாடம்: ஊறுகாய் பாட்டில், மாத்திரைப் பெட்டி, மடித்து வைத்த துண்டு, பொடி டப்பா இவற்றில் எது இருந்தாலும் அந்த இடத்துக்குப் பட்டா உண்டு. "இங்கே யாராவது உட்காருவார்களா?" என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். அந்த ஒரு கேள்வியில் நான்கு பேர் அறிமுகமாகிவிடுவார்கள். நான் கேட்காததால் எனக்கு ஆறு வாரம் ஆயிற்று.

முதல் வாரத்தில் மூன்று வேளையும் கூடத்திலேயே சாப்பிடுங்கள். வீட்டில் அடுப்பு இருக்கிறது, சாமான்கள் பிரித்தாகிவிட்டது, ரசம் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். வேண்டாம். இங்கே தெரு, சந்தை, டீக்கடை எல்லாம் அந்தக் கூடம்தான். வேளைக்கு ஒரு மேசை மாறி உட்காருங்கள். கணவன் மனைவி இருவரும் ஒரு மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் வந்து சேரத் தயங்குவார். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எதிரே இரண்டு நாற்காலியைக் காலியாக விடுங்கள். வருவார்கள்.

காது மந்தமானவர்கள் வெட்கப்பட்டு மூலைக்குப் போய் உட்காருகிறார்கள். அதைவிட, சுவருக்கு முதுகு காட்டி, நல்ல காது பேசுபவர் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்து, "இந்தப் பக்கம் வந்து பேசுங்கள்" என்று சொல்லிவிடலாம். யாரும் தவறாக நினைப்பதில்லை. இங்கே பாதிப் பேருக்கு ஒரு பக்கம்தான் வேலை செய்கிறது.

எப்படி அழைப்பது என்பது சின்ன விஷயம் போலத் தெரியும். எங்கள் குடியிருப்பில் வந்த புதிதில் எல்லாப் பெண்களும் எல்லோருக்கும் மாமிதான். ஈரோட்டுக்காரர் ஒருவர், பள்ளித் தலைமையாசிரியையாக இருந்தவர், இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னை அக்கா என்று கூப்பிடுங்கள், இல்லை டீச்சர் என்று கூப்பிடுங்கள், மாமி என்றால் நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்" என்று கூடத்தில் நின்றே சொன்னார். சரியாகத்தான் சொன்னார். கேட்டுக்கொண்டு அழையுங்கள். பணியாளர்கள் பலர் சுற்றுக் கிராமத்துக்காரர்கள். வயதில் சிறியவர்களையும் அவர்கள் வாங்க, போங்க என்றுதான் பேசுவார்கள். நாம் பதிலுக்கு வா, போ என்றால் அது காதில் உறுத்தும். முதல் வாரத்தில் அவர்கள் பெயர்களை மனப்பாடம் செய்துவிடுங்கள். அண்டை வீட்டார் பெயர் மறந்தால் மன்னிப்பு உண்டு.

முதல் மாதம்: சுற்றிப் பாருங்கள், எதிலும் சேராதீர்கள்

புதிதாக வந்தவர்களைப் பிடிக்க ஒரு கூட்டமே காத்திருக்கும். "வங்கியில் இருந்தீர்களா? கணக்கு நன்றாக வருமே?" என்று யாராவது அன்பாகக் கேட்டால் குடியிருப்போர் சங்கத்துக்குப் பொருளாளர் இல்லை என்று அர்த்தம். சிரித்துவிட்டு, "ஆறு மாதம் போகட்டும்" என்று சொல்லுங்கள்.

நான் பத்தாவது நாள் உணவுக் குழுக் கூட்டத்துக்குப் போய், சாம்பாரில் புளி போதவில்லை, உப்பும் குறைவு என்று பேசினேன். நன்றாகவே பேசினேன் என்றும் நினைத்துக்கொண்டேன். நூற்று நாற்பது பேரில் ரத்த அழுத்தம் எத்தனை பேருக்கு, வயிற்றுப் புண் எத்தனை பேருக்கு என்று பார்த்து, உப்பையும் புளியையும் ஓர் ஆண்டு முழுக்கச் சண்டை போட்டுக் குறைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தச் சண்டையை மறுபடி முதலிலிருந்து தொடங்கி வைத்த பெருமை எனக்கு. குறை இருந்தால் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் நீங்களே அடித்துவிடுவீர்கள். மீதியைக் கூட்டத்தில் பேசலாம்.

நேரக் கணக்கு

இந்த ஒரு பகுதியை யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

குடியிருப்பின் கடிகாரம் சுவரில் இல்லை, அமெரிக்காவில் இருக்கிறது. இங்கே ஞாயிறு காலை ஏழரை என்றால், கோடையில் கலிஃபோர்னியாவில் சனிக்கிழமை மாலை ஏழு, நியூயார்க்கில் இரவு பத்து. பேரக் குழந்தைகள் முகம் காட்டும் நேரம் அதுதான். சனி, ஞாயிறு காலைகளில் நடைபாதையில் ஈ, காக்கை இருக்காது. வந்த புதிதில் ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஸ்லோகம் கற்றுக்கொள்ளும் வகுப்பு என்று அறிவித்தேன். நானும் துப்புரவு செய்ய வந்த பெண்ணும் இருந்தோம். நவம்பர் முதல் ஞாயிற்றில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். உடனே இங்கே அழைப்புகள் ஒரு மணி நேரம் தாமதமாகும், நடைக் குழுவின் நேரமும் மாறும். மார்ச் இரண்டாம் ஞாயிற்றில் பழையபடி திரும்பும். சிங்கப்பூர், ஆஸ்திரேலியாப் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு மாலையில் கொஞ்சம் நெருக்கடி. அவ்வளவுதான்.

ஆகவே எதை நடத்துவதாக இருந்தாலும் வார நாளில், மாலை நான்கிலிருந்து ஆறுக்குள் வையுங்கள். மதியம் இரண்டு முதல் மூன்றரை வரை யார் வீட்டு அழைப்பு மணியையும் அழுத்தாதீர்கள். இரவு எட்டுக்கு மேல் கிளப் ஹவுஸில் விளக்கு எரிந்தால் காவலாளி பூட்ட மறந்திருக்கிறார்.

நடைக் குழுக்கள் மூன்று. ஐந்தரை மணிக்காரர்கள் கையில் கட்டிய கருவியில் அடிக் கணக்கு பார்த்து வேகமாகப் போவார்கள், பேச மாட்டார்கள். ஆறரை மணிக்காரர்கள் பேசிக்கொண்டே போவார்கள். மாலை ஐந்து மணிக்காரர்கள் பத்தடி நடந்து பிள்ளையார் கோயில் பக்கத்து சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். புதியவர்கள் முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் அந்தப் பெஞ்சு. எந்த எலெக்ட்ரீஷியன் சொன்ன நேரத்துக்கு வருவார், எந்தக் கண் மருத்துவர் பொறுமையாகப் பேசுவார் என்ற செய்தியெல்லாம் அங்கிருந்துதான் புறப்படுகிறது.

எதில் சேரலாம்

யோகா, தியானம், பஜனை, திரைப்படம், தம்போலா, நூலகம், தோட்டம், சீட்டு, கேரம் என்று எல்லா இடத்திலும் பட்டியல் ஒன்றுதான். யோகாவில் நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்யும் வகுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். முழங்கால் மாற்றியவர்கள் பாயில் உட்கார்ந்தால் எழுப்ப ஆள் தேவைப்படும். திரைப்படம் என்றால் இரண்டே முக்கால் மணி நேரப் படத்தை இரண்டு மாலைகளாகப் பிரித்துப் போடச் சொல்லுங்கள்.

தம்போலா, கூப்பிடும் எண்ணைச் சீட்டில் அடித்துக்கொண்டே போகும் ஆட்டம். 1 முதல் 90 வரை எண்கள். எங்களிடம் தெலுங்கர், மலையாளி, கன்னடக்காரர் எல்லோரும் இருப்பதால் ஆங்கிலத்தில்தான் அழைப்பார்கள். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் இந்தக் காதுகளுக்கு ஒன்றுதான். போன ஆண்டு இரண்டு பேர் ஒரே நேரத்தில் பரிசு கேட்டு எழுந்து, இருவரும் தவறு. இப்போது ஒவ்வோர் இலக்கமாக ஒரு முறை, முழு எண்ணாக ஒரு முறை, பிறகு தமிழில் ஒரு முறை சொல்லி, வெள்ளைப் பலகையிலும் எழுதுகிறோம். ஆட்டம் இரண்டு மடங்கு நேரம் ஓடுகிறது. யாருக்கு என்ன அவசரம்?

கேரம் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும். என் கணவரை மீட்டது அதுதான். வந்த முதல் நான்கு மாதம் அவர் செய்தித்தாளை ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தார். யாரிடமும் பேசுவதில்லை. ஒரு நாள் கிளப் ஹவுஸைக் கடந்து போகும்போது, ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரும் ரயில்வேக்காரர் ஒருவரும் சிவப்புக் காயைப் போட்டபின் உடனே இன்னொரு காய் போட வேண்டுமா, அடுத்த முறை போட்டால் போதுமா என்று உரக்க வாதாடிக்கொண்டிருந்தார்கள். இவர் உள்ளே போய் தீர்ப்பு சொன்னார். நீதிபதிக்கு எதிராக. அன்று இரவு எட்டு மணிக்குத்தான் வீட்டுக்கு வந்தார். கையெல்லாம் போரிக் பவுடர்.

அந்தச் சண்டைக்குக் காரணம், ஒவ்வோர் ஊரிலும் ஒரு விதி. ஒருவர் வீட்டில் கறுப்புக்குப் பத்து, வெள்ளைக்கு இருபது, சிவப்புக்கு ஐம்பது. இன்னொருவருக்குக் காய்க்கு ஒன்று. நாங்கள் ஒரு விதித் தாளைப் பெரிய எழுத்தில் எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, பலகைக்கு மேல் ஒட்டியிருக்கிறோம். உங்கள் இடத்தில் கேரம் போர்டு தூசியேறிக் கிடந்தால் நான்கு காரியம் செய்யுங்கள்: கைப்பிடி இல்லாத நான்கு நாற்காலி, அவற்றுக்கு ஏற்ற உயரத்தில் மேசை, பலகைக்கு நேர் மேலே தாழ்வாகத் தொங்கும் ஒரு விளக்கு, நல்ல பவுடர். காய் தெரியாததால்தான் பலர் ஆடுவதில்லை. ஆசை இல்லாமல் இல்லை.

மார்கழி தனி. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை, விடியற்காலையில் கிளப் ஹவுஸில் திருப்பாவை, நாளுக்கு ஒன்றாக முப்பது பாட்டு. திருவெம்பாவைக்காரர்களும் சேர்ந்துகொள்வார்கள். மலைக்காற்று சில்லென்று அடிக்கும். சால்வையும் மப்ளருமாக ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாமல் உட்கார்ந்திருப்போம். பாடத் தெரியாவிட்டால் பரவாயில்லை, புத்தகத்தைப் பார்த்துக் கூடவே சொல்லலாம். பக்தி குறைவானவர்களும் இருபத்தேழாம் நாளைத் தவறவிடாதீர்கள். அன்று கூடாரவல்லி. அக்காரவடிசல். பாட்டில் சொன்னபடி முழங்கை வரை நெய் வழிவதற்கு மருத்துவர் விடமாட்டார். ஆனாலும் அன்று வருகைப் பதிவு இரட்டிப்பாகும். புதியவர்கள் ஒரே காலையில் எல்லோரையும் பார்த்துவிட இதைவிட நல்ல நாள் கிடையாது.

தோட்டத்தில் சேருபவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே மயில்கள் அதிகம். தக்காளியும் மிளகாயும் நீங்கள் போடுவீர்கள், அறுவடை அவை செய்யும். வலை கட்டுங்கள், அல்லது கறிவேப்பிலை வளருங்கள்.

ஏதாவது ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்

மூன்றாவது, நான்காவது மாதத்தில் இதைச் செய்யுங்கள். பதவி வேண்டாம், வேலை. நூலகப் புத்தகங்களுக்கு அட்டை போடுவது, பிறந்தநாள் பட்டியலைப் பலகையில் எழுதுவது, யோகாவுக்கு மணி அடிப்பது, எதுவானாலும் சரி. நிகழ்ச்சிக்குப் போய் உட்கார்ந்து வருபவர்கள் ஆண்டுக்கணக்கில் விருந்தாளியாகவே இருக்கிறார்கள். ஒரு சாவியைக் கையில் வைத்திருப்பவரைத் தேடி ஆட்கள் வருவார்கள். என் அனுபவத்தில் நட்பு அப்படித்தான் ஏற்படுகிறது.

எனக்குக் கிடைத்தது உயிர்வாழ் சான்றிதழ். மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் தாம் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். அவர்களில் எண்பது வயதைத் தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். 2014 முதல் இது ஜீவன் பிரமாண் என்ற பெயரில் மின்னணு முறையில் வந்தது. 2021 முதல் கைப்பேசியில் முகத்தைக் காட்டியே முடிக்கலாம். விரல் ரேகை தேய்ந்துபோனவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் செயலி கண்ணைச் சிமிட்டச் சொல்லும். கண்புரை அறுவை செய்துகொண்டவர் விறைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், பின்னால் சன்னல் இருக்கக் கூடாது, மூக்குக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். நவம்பர் முதல் வாரம் மூன்று மாலைகள், கிளப் ஹவுஸில் வெள்ளைச் சுவருக்கு முன் ஒரு நாற்காலி, பக்கத்தில் காப்பி. முதல் ஆண்டு பன்னிரண்டு பேர் வந்தார்கள். இப்போது எல்லா ஓய்வூதியர்களும் வருகிறார்கள். "உயிர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லிக்கொண்டு கிளம்புவார்கள். பருப்புப் பொடி அம்மாளும் அப்படித்தான் வந்தார். அவர் சிமிட்ட, செயலி ஏற்க மறுக்க, நான்காவது முறை இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் கண் மூடியது, சான்றிதழ் வந்துவிட்டது. மறுநாள் மதியம் மூன்றாவது மேசையில் எனக்கு ஒரு நாற்காலி இருந்தது.

நீங்களே ஒன்றைத் தொடங்குவதானால்

மூன்று பேர் போதும். வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், முக்கால் மணிக்கு மேல் வேண்டாம். சந்தா வேண்டாம், பேனர் வேண்டாம். பெயரில் வகுப்பு, பயிற்சி, பயிலரங்கு என்ற சொற்களைப் போடாதீர்கள். நாற்பது ஆண்டு வேலை பார்த்தவர்கள் மறுபடி மாணவராக விரும்புவதில்லை. வாழ்க்கை நினைவுகளை எழுதும் வகுப்பு என்று நான் அறிவித்தபோது இரண்டு பேர் வந்தார்கள். அடுத்த மாதம், "வீட்டில் இருக்கும் பழைய புகைப்படம் ஒன்றை எடுத்து வாருங்கள்" என்று மட்டும் பலகையில் எழுதினேன். பதினோரு பேர். கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றில் கல்யாணப் பந்தலில் முன்வரிசையில் நிற்கும் பையனைக் காட்டி, "இது நான்" என்று ஒருவர் சொல்ல, எதிரே இருந்தவர், "அந்தப் பந்தலில் நானும் இருந்தேன், மணப்பெண் என் சித்தி" என்றார். அறுபது ஆண்டுக்கு முந்திய கும்பகோணம். இருவரும் இரண்டு ஆண்டாக அடுத்தடுத்த வரிசையில் வசித்தவர்கள்.

வெளியே போவது

பயணக் குழு என்றாலே கோயில் என்று ஆகிவிடுகிறது. பேரூர் பட்டீசுவரர் கோயில் அருகிலேயே இருக்கிறது. கனக சபையின் தூண் சிற்பங்களைப் பார்க்க எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். மருதமலைக்கு வண்டி மேலே போகிறது, அடிவாரத்திலிருந்து படியேற வேண்டியதில்லை. ஆனால் எங்களிடம் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள், சாமி கும்பிடாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களை மாதாமாதம் வீட்டில் விட்டுவிட்டுப் போவது அழகல்ல. அவிநாசி சாலையில் உள்ள ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனோம். எதிலும் கலந்துகொள்ளாத ஆண்கள் ஆறு பேர் அங்கே பழைய வண்டிகளின் முன் நின்று மூன்று மணி நேரம் பேசினார்கள். வேளாண் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பூங்காவும் பூச்சி அருங்காட்சியகமும் அரை நாளுக்கு ஏற்றவை.

வண்டி ஏற்பாட்டில் ஒரே சட்டம்: ஒன்றரை மணிக்கு ஒரு முறை சுத்தமான கழிவறை. அது இல்லாத திட்டத்தை யார் கொண்டுவந்தாலும் நிராகரியுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போகலாம் என்று ஆண்டுக்கு ஒரு முறை யாராவது உற்சாகமாகச் சொல்வார்கள். 46 கிலோமீட்டர் ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம். குன்னூர் வரை வேனில் போய், அங்கிருந்து ஊட்டிக்கு மட்டும் ரயிலில் ஏறுங்கள். ஆசையும் தீரும், முதுகும் பிழைக்கும்.

பெண்களுக்கு ஒன்று. சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் நமக்குக் கட்டணம் இல்லை. இரண்டு தோழிகளோடு டவுன் பஸ் ஏறி, பெரிய கடை வீதி வரை போய், ஒன்றும் வாங்காமல் ஒரு காப்பி குடித்துவிட்டுத் திரும்புவதில் இருக்கும் சுகம் குடியிருப்பு வேனில் கிடையாது. இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். மலையடிவாரத்துப் பக்கம் இரவில் யானை நடமாட்டம் உண்டு, இது கதை இல்லை.

பேசக் கூடாதவை, கொடுக்கக் கூடாதவை

வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படம் போடலாம். மருத்துவக் குறிப்பும் அரசியலும் வேண்டாம். எங்களிடம் ஒரு தேர்தல் சமயம் இரண்டு மேசைகள் பேச்சை நிறுத்தின, அது ஆவணி அவிட்டம் வரை நீடித்தது. கடன் கொடுக்காதீர்கள், வாங்காதீர்கள். முதலீட்டு யோசனை சொல்பவர் எவ்வளவு நல்லவரானாலும் கேரம் பலகையைப் பற்றி மட்டும் பேசுங்கள். பணியாளர்களுக்குத் தனித்தனியாகப் பணம் கொடுத்தால் கொடுக்க முடியாதவர்கள் வீட்டுக்கு வேலை கடைசியாகத்தான் நடக்கும். தீபாவளிக்குப் பொது உண்டியலில் போடுங்கள்.

பிள்ளைகளின் பெருமையைப் பேசலாம், எல்லோரும் பேசுகிறோம். பிள்ளை இல்லாதவர்களும், இருந்தும் தொலைபேசி வராதவர்களும் அந்த மேசையில் உண்டு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். "உங்கள் பையன் எப்போது வருகிறான்?" என்று இங்கே நான் யாரையும் முதலில் கேட்பதில்லை.

இருவராக வருபவர்கள்

நீங்கள் தம்பதியாக வந்தால், ஆளுக்கொரு நட்பு வட்டத்தைத் தனித்தனியாக உண்டாக்கிக்கொள்ளுங்கள். சேர்ந்தே நடந்து, சேர்ந்தே சாப்பிட்டு, சேர்ந்தே பஜனைக்கு வந்த ஒரு தம்பதி எங்களிடம் இருந்தார்கள். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். அந்த அம்மாள் போன பிறகு அவருக்கு யாரையும் தெரியவில்லை. எங்களுக்கும் அவரைத் தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. பதின்மூன்றாம் நாள் முடிந்து பிள்ளைகள் விமானம் ஏறிய அன்று இரவு, கூடத்தில் இரண்டு நாற்காலி மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பதினான்காம் நாள் காலையில் யாராவது ஒருவர் போய்க் கதவைத் தட்டி, "டிபன் நேரமாயிற்று, வாருங்கள்" என்று கூப்பிட்டு வர வேண்டும். ஆறுதல் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மாதம் அந்த முறைப் பட்டியல் ஓடும். நீங்கள் புதியவர் என்றாலும் உங்கள் பெயரையும் அதில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

யாரிடமும் சொல்ல முடியாத கவலை வந்தால் முதியோருக்கான தேசிய உதவி எண் 14567 இருக்கிறது, காலை எட்டு முதல் இரவு எட்டு வரை. பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசி பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

எடுத்து வர வேண்டியவை

டம்ளர் ஆறு போதும். வீட்டுக் கூடம் சிறியது, அதற்கு மேல் ஆட்கள் உட்கார இடமில்லை. வாசலில் போட மடக்கு நாற்காலி இரண்டு. வாசலில் உட்கார்ந்திருப்பவரிடம்தான் போகிறவர்கள் நின்று பேசுவார்கள். டார்ச் ஒன்று, சால்வை ஒன்று. பல்லாங்குழி இருந்தால் எடுத்து வாருங்கள், சோழி சேர்த்து. புத்தகத்தில் பாதியை விட்டுவிட்டு வரலாம், நூலகத்தில் இடமில்லை. குடை வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனியிலும் ஆடியிலும் அடிக்கும் அடியில் குடை நிற்காது. தலையை மூடும் மழைக்கோட்டு வாங்குங்கள், பொத்தான் வைத்ததாக. ஜிப் வைத்ததை இந்த விரல்களால் இழுக்க முடிவதில்லை.